புதுப்பிப்பு: இடப்பக்கமே இழுத்த செயின் ரம்பம்

சில்வர் ஓக் அறுக்கும்போது மெஷின் நேராக இறங்காமல் இடப்பக்கமாகவே வளைந்து போகிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, அது சரியாகிவிட்டது. கார்புரேட்டரைப் பிரிக்கச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், அதைத் தொடவே இல்லை.

செயினைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தால் வலப்பக்கப் பற்கள் எல்லாம் குட்டை, அதனால்தான் நீளமான பற்கள் உள்ள இடப்பக்கம் இழுத்திருக்கிறது. சாணை பிடித்த கடைக்காரர் ஒரு பக்கம் மட்டும் தாராளம் காட்டியிருக்கிறார். 3/8 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) செயின், அதனால் 5.5 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு. இருப்பதிலேயே குட்டையான பல்லை அளவாக வைத்து மற்றதையெல்லாம் அதற்குச் சமமாக்கினேன். சலிப்பான வேலைதான்.

"பாரையும் பாருங்க தம்பி" என்ற ஏற்காடு அண்ணனுக்கு நன்றி. பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு; செயின் ஓடும் அதன் காடியின் (பள்ளத்தின்) விளிம்பில் பிசிறு விரலில் தட்டியது. தட்டை அரத்தால் இழைத்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். இப்போது தூள் மாவாக இல்லாமல் செதில் செதிலாக விழுகிறது.

அப்புறம், மரம் ஏற்றிப் போக லோடு ஆட்டோவா பிக்கப்பா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பச்சை மரம் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறவர்கள் சொல்லுங்கள், பிரேக் எதில் தாங்குகிறது?