பொருள்: பேக்கப் என்பதற்குச் 'சேமநகல்' (வீட்டுக் கணினிக் கையேடு, நான்காம் பகுதி)

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வீட்டுக் கணினிக் கையேட்டின் நான்காம் பகுதிக்காக 'பேக்கப்' (கோப்புகள் தொலைந்துபோனால் உதவ எடுத்து வைக்கும் நகல்) என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டுப் போன வாரம் மடல் போட்டிருந்தேன். வந்த பதில்களை இரண்டு முறை படித்துவிட்டேன். காப்புநகல், காப்புப்பிரதி, மறுபிரதி, பின்சேமிப்பு என நான்கு சொற்கள். அப்புறம் ஒரு ஐயா கேட்டிருந்த கேள்வி:

> எல்லோரும் பேக்கப் எடு என்றுதான் சொல்கிறார்கள். புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரே பொருளில் சொல்கிறார்களா என்று எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் பேக்கப் என்றால் பென்டிரைவ். அடுத்த வீட்டில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கும் நேரம்: "நமக்கு மூணு மணி நேரம் பேக்கப் வரும்." மூன்றாவது வீட்டில், போனில் எடுத்த படம் தானாக மேகத்தில் (கிளவுட், இணையச் சேமிப்பிடம்) ஏறிவிடுவது. நாலாவது வீட்டுத் தம்பி மட்டும்தான் தனி வட்டில் (ஹார்டு டிஸ்க்) நகல் எடுத்து வைத்திருந்தான். நம் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் முதல் மூன்று வீட்டுக்காரர்கள் போன்றவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. ஐயா, அதனால்தான் மாற்றக் கேட்கிறேன்.

பின்சேமிப்பு வேண்டாம். கேட்டதுமே 'பிறகு சேமித்துக்கொள்ளலாம்' என்றுதான் காதில் விழுகிறது. இந்த வேலையில் யாருக்கும் சொல்லிவிடக்கூடாத ஒன்று அது. மறுபிரதியில் தவறில்லை, ஆனால் எதற்காக எடுத்த பிரதி என்று அது சொல்வதில்லை.

காப்புநகலும் காப்புப்பிரதியும் அப்படித் தள்ளிவிடக்கூடியவை அல்ல. கைபேசித் திரையில் 'காப்புப் பிரதி' ஏற்கெனவே ஓடுகிறது. எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள். 'காப்புப்பிரதியெடுத்தல்' என்று ஒரு பொத்தானில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நிற்கிறது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், காப்பு என்ற சொல் காவலைச் சொல்கிறது. அம்மன் கோயிலில் காப்புக் கட்டுகிறோம், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடுகிறோம். இரண்டுமே தீங்கு வராமல் இருக்க. கணினியில் அந்த வேலையைச் செய்வது வைரஸ் தடுப்பான். பட்டியலில் 'பாதுகாப்பு' என்று ஒன்றும் அதற்குக் கீழே 'காப்பு' என்று ஒன்றும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பேக்கப் தீங்கைத் தடுப்பதில்லை. தீங்கு நேர்ந்த பிறகு, போனதன் இடத்தில் வைக்க இன்னொன்றைத் தயாராகத் தருகிறது.

இந்தப் பொருளுக்குத் தமிழில் மிகப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டு, பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது. உமணர்கள் உப்பு வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். மாடுகள் இளசு, நுகத்தடி பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், எங்கே என்ன ஆகுமென்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் 'சேம அச்சு'.

முதன்முதலில் இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சு முறியாமல் காக்க அவர்கள் எதையும் கட்டவில்லை. முறியும் என்று வைத்துக்கொண்டே இன்னோர் அச்சைக் கட்டினார்கள். இன்றைக்கு லாரிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியும் அதேதான். (ஸ்டெப்னி என்பது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஒரு தெருவின் பெயர், மாற்றுச் சக்கரம் செய்து விற்றவர்கள் அங்கே இருந்ததால் சக்கரத்துக்கே அந்தப் பெயர் ஆயிற்று. எங்கோ இருக்கும் தெருப்பெயர் நம் ஓட்டுநர்கள் வாயில் புழங்குகிறது, சேம அச்சு ஏட்டோடு நின்றுவிட்டது.) இலங்கையில் இந்தச் 'சேம' இன்னும் உயிரோடு இருக்கிறது, அங்கே பணியாளர்களின் வைப்புநிதிக்கு ஊழியர் சேமலாப நிதி என்று பெயர்.

ஆகவே 'சேம' என்பதை முன்னொட்டாக எடுத்துக்கொள்வோம் என்கிறேன். பின்னால் என்ன வரும்?

முதலில் 'படி' என்றே நினைத்திருந்தேன். ஓலைச்சுவடி காலத்திலிருந்து நகலுக்குப் படி என்றுதான் பெயர்; படியெடுத்தல் என்பது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. 'சேமப்படி' என்று தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அப்பா அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊதியக் குழுவில் கொடுத்தது?" என்று கேட்டார். பஞ்சப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் கண்ணில் சேமப்படி வேறு எப்படித் தெரியும்? நம் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அப்பா வயதுக்காரர்கள். படியை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

நகல் அரபியிலிருந்து வந்தது என்று ஓர் அம்மா சுட்டிக்காட்டியிருந்தார். ஆமாம் அம்மா. ஆனால் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் இருக்கும் எந்தக் கடையிலும் 'நகல் எடுக்கப்படும்' என்ற பலகையைப் பார்க்கலாம். அசல், நகல் என்ற இணை நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த ஒன்று. அசல் பீரோவில் இருக்கும், நகலைத்தான் வெளியே கொடுப்பார்கள். கணினிக்கும் இந்த இணை அப்படியே பொருந்துகிறது: கணினியில் இருப்பது அசல், தனி வட்டில் இருப்பது சேமநகல். வினையாகவும் தடங்கல் இல்லாமல் வருகிறது: சேமநகல் எடு, எடுத்தாயிற்று, எடுக்காமல் விட்டேன். எழுத்து ஐந்துதான், பொத்தானில் உட்காரும்.

இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. 'சேவ்' என்பதற்கு நாம் 'சேமி' என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். "நான்தான் சேமிச்சுட்டேனே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்கக்கூடும். இதற்குக் கையேட்டில் ஒரு பத்தி ஒதுக்கி, சேமித்தது ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அந்த வட்டு போனால் சேமித்ததும் போகும் என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். சொல் எதுவாக இருந்தாலும் அந்தப் பத்தி தேவைதான்.

சொல்லோடு இன்னொரு விஷயமும் பேச வேண்டும். சேம அச்சு அதே வண்டியின் அடியில்தான் கட்டியிருக்கிறது. அச்சு முறிந்தால் உதவும். வண்டியே ஆற்றோடு போனால்?

2015 டிசம்பரில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் தரையில் இருந்தது. நகல் எடுத்து வைத்த வெளிவட்டு அதே மேசையின் கீழ் இழுப்பறையில், துணிப்பையில் சுற்றி, பத்திரமாக. ஐந்தாம் நாள் வீடு திரும்பி இழுப்பறையை இழுத்தேன்; பலகை ஊறிப் பிடித்துக்கொண்டு வரவில்லை. திருப்புளியால் நெம்பித் திறந்தேன். பையைப் பிழிந்தபோது சேறு வடிந்தது. வட்டின் இணைப்புத் துளையில் செம்மண் அடைத்திருந்தது. தம்பி கல்யாணப் படங்கள், அம்மாவின் குரல் பதிந்த ஒரே கோப்பு, எல்லாம் அசலும் நகலும் ஒன்றாகப் போயின. நான் நகல் எடுத்திருந்தேன், ஒழுங்காகவே எடுத்திருந்தேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிதான் இருந்தது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறையைச் சிலர் குறிப்பிட்டிருந்தீர்கள்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். அந்தக் கடைசி 'ஒன்று'க்கு நமக்குத் தனிச்சொல் வேண்டும். விதைநெல்லை உலைநெல்லோடு கலக்காமல் வைக்கோலில் கோட்டையாகக் கட்டித் தனியே வைத்தார்களே, அந்தத் தனிமை சொல்லில் தெரிய வேண்டும். வெளிநகல், அயல்நகல் இரண்டும் என் மனத்தில் ஓடுகின்றன. வெளிநகல் என்றால் வெளிவட்டில் இருக்கும் நகல் என்று குழம்பும். அயல்நகல் மேல் என்று படுகிறது.

'சின்க்' (போன், கணினி, மேகம் எல்லாவற்றிலும் கோப்புகளை ஒன்றுபோல் வைத்திருப்பது) என்பதற்கு 'ஒத்திசைவு' போதும், நன்றாகவே ஊன்றிவிட்டது. ஆனால் ஒத்திசைவு சேமநகல் ஆகாது என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். என் அக்கா போனில் இடம் போதவில்லை என்று ஒரு கோப்புறையை அழித்தார். ஒத்திசைவு அதை மேகத்திலும் கணினியிலும் உண்மையாகவே அழித்துக் கொடுத்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்திருக்கும். அவர் தேடியது மூன்றாம் மாதம்.

'ரிஸ்டோர்' (நகலிலிருந்து கோப்பைத் திரும்பக் கொண்டுவருவது) என்பதற்கு மீட்டெடு. எதிர்ப்பு வரவில்லை, அப்படியே வைத்துக்கொள்ளலாம். இதில் நான் வற்புறுத்துவது, கையேட்டில் 'எடு' என்ற படிக்கு அடுத்த படியாகவே 'மீட்டுப் பார்' என்பது வர வேண்டும். 2017 ஜனவரியில் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்தபோது, ஐந்து விதமான ஏற்பாடு இருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. வீட்டில் இதற்குப் பெரிய சோதனை வேண்டாம். மாதம் ஒரு முறை வட்டைச் செருகி, ஏதாவது ஒரு பழைய படத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

'இன்கிரிமென்டல் பேக்கப்' என்பதற்குச் சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. 'மாறியதை மட்டும் நகலெடு' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

வழிமுறையையும் எளிதாகவே வைக்கிறேன். நகலெடுக்கும் நிரல்களாக விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின், லினக்ஸில் டெஜா டூப். இருப்பதை முடுக்கிவிட வேண்டும், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். வெளிவட்டு மட்டும் இரண்டு வேண்டும். ஒன்று வீட்டில். மற்றது அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ, போகவர இருக்கும் இடத்தில். போகும்போது மாற்றிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வட்டு இப்போது திண்டிவனத்தில் அக்கா வீட்டு அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. நகல் எடுத்து முடித்ததும் வட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன்; பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் நிரல்கள் செருகியிருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்காம் பகுதியைச் சேமநகல், மீட்டெடு, ஒத்திசைவு என்று திருத்திக் குழுவுக்கு அனுப்புகிறேன். அயல்நகலுக்கு மட்டும் அதற்குள் யாராவது இன்னும் நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடுகிறேன். குறிப்பாகத் தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் யாராவது விதைநெல்லை வேறு வீட்டில் கொடுத்து வைக்கும் வழக்கத்துக்கு ஊர்ச்சொல் ஏதாவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.