இழை: லெவல் ஷிஃப்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,
பாலிடெக்னிக் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. அர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை 5 வோல்ட்டில் ஓடுகிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சிக்னலை நேரே கொடுத்தால் பை கெட்டுப்போகலாம். அதைத் தடுக்க நடுவில் வைக்கும் லெவல் ஷிஃப்டர் சுற்றுக்கு "மின்னழுத்த மாற்றி" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

———

> மின்னழுத்த மாற்றி

வேண்டாம் ஐயா. 12 வோல்ட் மின்வழங்கலை (பவர் சப்ளை) 5 ஆக்கும் கருவியைத்தான் மாணவர் அப்படிப் புரிந்துகொள்வார். அதையே வாங்கி சிக்னல் கம்பியில் மாட்டுவார். இங்கே கேள்வி எது 1, எது 0 என்பது. டிடிஎல் என்ற பழைய வகைச் சில்லு 0.8 வோல்ட் வரை 0 என்றும் 2.0க்கு மேல் 1 என்றும் கொள்ளும். 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி வகைச் சில்லுக்கோ வழங்கலில் 70 விழுக்காடு, அதாவது 3.5 வேண்டும். 3.3 எட்டாது. அதே இடத்தில் 74எச்சிடி வைத்தால் 2.0 போதும். லாஜிக் தருக்கம், லெவல் மட்டம். ஆகவே "தருக்கமட்டப் பெயர்ப்பி".

———

> தருக்கமட்டப் பெயர்ப்பி

"செய்யென் வினைவழி விப்பி தனிவரின்" என்ற நன்னூல் நூற்பாவை நினைவூட்டுகிறேன். 'பி' பிறவினை விகுதி. பெயர்ப்பி என்றால் 'இன்னொருவரைப் பெயர்க்கச் செய்' என்றாகும். காட்டி, பெருக்கி, மாற்றி ஆகியவை குற்றியலுகர வினையோடு 'இ' சேர்ந்தவை, 'பெயர்' என்ற வினை அப்படியன்று. பெயர்ப்பான் எனலாம். தருக்கம் வடசொல். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, சொல்கிறானே, அந்த அளவை இருக்க நமக்குக் கடன் எதற்கு? "அளவைமட்டப் பெயர்ப்பான்" என் பரிந்துரை.

———

அளவை என்றதும் மாணவர் மல்டிமீட்டரைத் தேடுவார், ஐயா. இலங்கைப் பாடநூல்களில் லாஜிக் கேட்டைத் தருக்கப் படலை என்றுதான் படித்தோம், வோல்டேஜுக்கு வோல்ற்றளவு. ஒருவருக்கும் இடறவில்லை. "தருக்கமட்ட இறக்கி" என்று எளிதாக வையுங்கள்.

———

> தருக்கப் படலை

வீட்டு வாசல் படலையைத் தருக்கச் சுற்றுக்கு வைத்தது அருமை! சங்கப் பாடலில் 'படலைக் கண்ணி' வருகிறது, தழை கலந்த மாலை. ஓலையும் தழையும் பரப்பிக் கட்டியதால் கதவும் படலையாயிற்றோ? 'படல்' என்ற ஓலைத் தட்டியும் இதன் உறவே என்பேன். 'படர்', 'படாம்' இரண்டையும் சேர்த்துத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

———

படலை பிறகு ஆகட்டும், அம்மா, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

'இறக்கி' ஒருவழிப் பாதைக்கே பொருந்தும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இட்டு நடுவில் எடுத்தால் 5 வோல்ட் 3.33 ஆகும், அது இறக்கி, ஒப்புக்கொள்கிறேன். சில்லுகள் தமக்குள் பேசும் ஐ2சி முறையில் ஒரே கம்பியில் இரு பக்கமும் பேசும். அங்கே கம்பிக்கு ஒரு பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் (ஒருவகை ட்ரான்சிஸ்டர்) வைத்து, இரு புறமும் அந்தந்த வழங்கலுக்கு மின்தடையால் இழுத்துக் கட்டுவோம். யார் கம்பியைத் தாழ்த்தினாலும் மறுபுறமும் தாழும். இருவரும் விட்டால் ஒருபுறம் 3.3க்கும் மறுபுறம் 5க்கும் உயரும். இதை எப்படி இறக்கி என்பது? திசை சொல்லாத சொல் வேண்டும். "தருக்கமட்ட மாற்றி".

———

அதற்கே என் ஆதரவும்.

———

எனக்கும் சம்மதம். மட்டம் என்றால் மட்டமானது என்று மாணவர் கேலி செய்வார் என்ற கவலை வேண்டாம். ரசமட்டம் இன்றும் கொத்தனார் கையில் இருக்கிறது.

———

நன்றி. கையேட்டில் "தருக்கமட்ட மாற்றி" என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் "லெவல் ஷிஃப்டர் எனக் கடையில் கேட்கவும்" என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

———

பெரும்பான்மைக்கு என் இசைவு இல்லை. மின்மாற்றி ட்ரான்ஸ்ஃபார்மருக்கு நிலைத்துவிட்ட பின், இதையும் மாற்றி என்றால் எந்த மாற்றி என்று ஆசிரியர் ஆண்டுதோறும் விளக்க வேண்டியிருக்கும். பெயர்ப்பானை மறுபதிப்பிலாவது எண்ணிப் பாருங்கள். அதே கையேட்டில் சிக்னலை மாற்றாமல் வலுவாக்கி அனுப்பும் பஃபருக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?