உறவினர் குடியிருப்புக்கான டிரஸ்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘உறைவுப் பொறுப்பாட்சி’

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். ஒருவர் தம் வீட்டை டிரஸ்டிகளின், அதாவது பிறர் நலனுக்காகச் சொத்தைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர்களின், பெயருக்கு மாற்றி, திருமணமாகாத தங்கையோ மாற்றுத்திறனாளி மகனோ ஆயுள் முழுவதும் அதில் குடியிருக்க வழிசெய்யும் ஏற்பாட்டைக் ‘குடும்ப அறக்கட்டளை’ என்றே சொல்லலாம் என்று இவ்விழையில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்ற மாதம் இத்தகைய பத்திரம் ஒன்றின் வரைவைத் திருத்திக் கொடுத்தேன். அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்காகப் பெற்றோர் எழுதியது அது. மூத்த மகனும் தாய்மாமனும் டிரஸ்டிகள். பத்திர எழுத்தர் முதல் வரியில் இட்டிருந்த ‘அறக்கட்டளை’யை நான் வாசித்ததும், அந்தத் தாய் தாளின் மேல் கையை வைத்து, “எம் பொண்ணு இருக்கப்போறது அவ வீட்டுல. இதுல தர்மம் எங்கய்யா வந்துச்சு?” என்று கேட்டார்.

சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 1882 ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கு உரியது. சமயக் கொடைகளும் அறக்கொடைகளும் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு, டிரஸ்டியைச் சொத்தின் உரிமையாளராகக் கொண்டு, அவரிடம் கேட்டுப் பெறத்தக்க உரிமையே பயனாளிக்கு உரியது என்று வகுக்கிறது. பெயர் ஒருவரிடம், பயன் இன்னொருவரிடம். இரண்டையும் பிணைப்பது பொறுப்பு. இலங்கைச் சட்டத்தமிழ் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று வழங்குவதிலும் பொறுப்பே தலைச்சொல். ஆகவே ‘பொறுப்பாட்சி’ என்பதையும், டிரஸ்டிக்குப் ‘பொறுப்பாட்சியர்’ என்பதையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

டிரஸ்டுக்கு ‘அடைக்கலம்’ எனலாம் என்ற பரிந்துரை என்னை இரண்டு நாள் கட்டிவைத்திருந்தது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார்; ஒப்படைப்பவர், காப்பவர், காக்கப்படுபவர் என மூவரும் இருக்கிறார்கள், தங்க வீடும் இருக்கிறது. ஆனால் அங்கே ஒப்படைக்கப்படுபவள் கண்ணகி. இங்கே ஒப்படைக்கப்படுவது வீடு. மகளை அண்ணன் கையில் ஒப்படைப்பதற்கும், அவள் இருக்கும் வீட்டுக்கு அண்ணனைப் பொறுப்பாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இச்சொல் அழித்துவிடும். அதோடு, இன்று இது போருக்கு அஞ்சிப் புகலிடம் தேடி வந்தவரையே நினைவூட்டுகிறது.

அடுத்தது, குடியிருப்பவர் பெறும் உரிமைக்கான சொல். நம் பத்திரங்களில் வரும் ‘ஆயுள்கால அனுபவ பாத்தியதை’யும், யாழ்ப்பாணத்தில் பெற்றோர் வீட்டைச் சீதனமாக எழுதும்போது தமக்கென நிறுத்திக்கொள்ளும் ‘சீவிய உரித்து’ம் வாடகை வருமானத்தையும் உள்ளடக்கும் அகலமான சொற்கள். நாம் பேசுவது தானே வசிக்கும் உரிமை மட்டுமே. ஒருவர் தாமே அனுபவிப்பதற்கென்று வரையறுக்கப்பட்ட உரிமையை அவர் பிறருக்கு மாற்ற இயலாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6 ஆம் பிரிவும் கூறுகிறது. இதற்கு ‘உறைவுரிமை’ பொருந்தும். ‘குடியிருப்புரிமை’ வெளிநாட்டு நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோடு குழம்பும். ‘குடியிருப்பவர்’ என்றாலோ வாடகைக்கு இருப்பவர் என்றே நம் ஊரில் கொள்வார்கள்.

‘வீட்டுப் பொறுப்பாட்சி’ எளிமையாக இருக்கிறதே என்று கேட்கலாம். மாடிப்படி ஏற முடியாத வயது வரும்போது அந்த வீட்டை விற்றுத் தரைத்தளத்தில் வேறொன்று வாங்கவும் பொறுப்பாட்சியருக்கு நல்ல பத்திரம் அதிகாரம் தரும். கட்டடம் மாறினாலும் உறைவு தொடர வேண்டும் என்பதே எழுதிவைத்தவரின் எண்ணம் என்பதால், பெயரும் உறைவைப் பற்றியே, ‘உறைவுப் பொறுப்பாட்சி’ என்று அமையட்டும். வீட்டுவரி, மராமத்துச் செலவு யாருடையது என்பதைப் பத்திரம் தனியே சொல்லிக்கொள்ளும்.

உறைவுரிமையருக்குப் பின் வீட்டைப் பெறுபவரைப் ‘பின்னுரிமையர்’ எனலாம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் விட்டுவிடுகிறேன்.

அந்தப் பத்திரத்தில் நான் மாற்றி எழுதிய வரி, உங்கள் திருத்தத்துக்காக (‘தானாதி விக்கிரயம்’ என்பது தானம், விற்பனை முதலியவற்றைக் குறிக்கும் பத்திர வழக்கு):

“மேற்படி வீட்டின் உரிமை பொறுப்பாட்சியர்களைச் சார்ந்தது. அதில் எங்கள் மகளுக்கு ஆயுள் முழுவதும் உறைவுரிமை உண்டு. அவ்வுரிமையை அவரோ, அவர் பொருட்டுப் பிறரோ தானாதி விக்கிரயம் செய்ய இயலாது.”