கேட்டமரானுக்குத் தமிழ்: கட்டுமரமா, நுகத்தோணியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கேட்டமரான் (catamaran) எனும் இரட்டைத் தோணிப் படகைக் ‘கட்டுமரம்’ என்றே அழைத்துவிடலாம், நம் சொல் நம்மிடம் திரும்பட்டும் என்று ஆரணி நண்பர் எழுதியிருக்கிறார். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இங்கிருந்து போன பொருள் வேறு, வந்து நிற்கும் பொருள் வேறு. 1697இல் வெளிவந்த பயணநூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் இந்தப் பெயரால் குறித்தது, சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையை. இன்று அதே பெயரில் விற்பது, ஒடுங்கிய இரண்டு தோணிகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்ப்படகு. தோணிகளைச் சேர்த்துக் கட்டிய மலையாளத்துச் ‘சங்ஙாடம்’ இதற்கு நெருங்கி வருகிறது. தமிழில் எழுதினால் சங்கடம் என்றுதான் படிப்பார்கள்.

பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், ஆறு வயதுப் பேரனோடு ஓட்ட முதல் படகு தேடுகிறார். மகளுக்குத் தமிழில் விளக்கும் பொறுப்பு என் தலையில்.

பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, இரண்டு முள்ளுக் கத்தரிக்காய்களைத் துடைப்பக் குச்சிகளால் இணைத்து வாளியில் விட்டேன். ஒற்றைக் காய் உருண்டது. இணைத்த சோடி அசையவில்லை. பேரன் அதைத் தலைகீழாகப் புரட்டினான். அப்படியும் அசையாமல் மிதந்தது! அங்கேதான் ஆபத்து. முழுக்கக் கவிழ்ந்த படகு தானாக நிமிராது. எனவே பாய்மர உச்சியில் ஒரு மிதவை வேண்டும்: ‘உச்சிமிதவை’. படகு பக்கவாட்டில் சாய்ந்ததோடு நிற்கும். கயிற்றைப் பிடித்து நிமிர்த்திவிடலாம்.

இரண்டு மாடுகளைப் பூட்டும் நுகத்தடிதான் அந்தக் குறுக்குச் சட்டம். ஆகவே படகு ‘நுகத்தோணி’. நடுவில் விரித்த வலைக்குக் குடியாத்தம் அம்மையார் ‘வலைத்தளம்’ என்றார். அங்கே ஏற்கெனவே ஊரே குடியிருக்கிறது. நான் ‘வலைத்திண்ணை’ என்பேன். குழந்தை உட்காருவது அதில்தானே.

பாயின் அடிவிளிம்பை நீட்டிப் பிடிக்கும் கழிக்கு ‘அடிக்கழி’. காற்று மாறினால் சட்டென்று மறுபக்கம் வீசும். குனியாதவர் தலையில் அடிக்கும் கழியும் அதுவே. மருமகனுக்கு ஆசை ஹோபி நிறுவனத்தின் நுகத்தோணியான ஹோபி 16 மேல்: 16 அடி 7 அங்குலம், கண்ணாடியிழை, நல்ல வேகம். ஆனால் அடிக்கழி உண்டு. பலத்த காற்றில் காற்றுக்கு மறுபக்கத் தோணியின் மூக்கு நீரில் புதைந்து, படகே முன்பக்கமாகக் கரணம் அடிக்கவும் கூடும். அதே நிறுவனத்தின் 13 அடி ஹோபி வேவ் வேகத்தில் குறைவுதான். அடிக்கழி கிடையாது, உடல் கெட்டியான பாலிஎத்திலீன். மணலில் இழுத்தாலும் தாங்கும். என் ஓட்டு இதற்கே. உயிர்காப்பு உடுப்பு யாருக்கும் விலக்கில்லை.

அந்தக் குட்டிக்கரணத்துக்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘மூக்குக்குத்தல்’ என்று எழுதினேன். மகள் காதுகுத்து விழாவா என்று கேட்டுவிட்டாள். பட்டம் விடுபவர்கள் யாராவது உதவுங்கள்.