புதுப்பிப்பு: புரூன்ஃபெல்சியா தளிர் மஞ்சளாவதற்குத் தீர்வு கிடைத்தது

மாடித் தொட்டியிலுள்ள புரூன்ஃபெல்சியாவின் (யெஸ்டர்டே டுடே டுமாரோ செடி) தளிர்கள், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளாவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எப்சம் உப்பால் (மெக்னீசியம் சல்பேட்) பலனில்லை. போர்வெல் நீரின் சுண்ணாம்பால் மண் காரமாகி, அதிலுள்ள இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகிறது என்று ஒருவர் கூறிய காரணமே சரியாக இருந்தது. அவர் சொன்னபடி ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புச் செலேட்டை (வேர் எடுக்கும் வடிவில் பிணைக்கப்பட்ட இரும்புச் சத்து) வேரில் ஊற்றி, மழைநீருக்கு மாறியதும் புதுத் தளிர்கள் பச்சையாகவே வந்தன. முற்றிய மஞ்சள் இலைகள் தேறவில்லை. மலிவான ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது என்பதால், வாங்கும்போது லேபிளைப் பார்ப்பது நல்லது. ஊதாவாக விரிந்து ஓரிரு நாளில் வெளுக்கும் பூக்களுக்குப் பின், எதிர்பாராமல் காயும் பிடித்திருக்கிறது. காயும் விதையும் நாய்களுக்குக் கடும் நஞ்சு என்பதால் அவற்றைக் கிள்ளி அகற்றிவிட்டேன்.