தினமும் கட்ட ஒரு க்ரோனோகிராஃப்: கட்டிப் பழகியவர்களின் குறிப்புகள்

க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம், வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் டயலில் மயங்கிவிடுகிறார்கள். கறுப்பு வளையம் போட்ட வெள்ளை டயல் யாரையும் மயக்கும்தான். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை கையில் கிடக்கப்போகிற வாட்ச் என்றால், முதலில் பக்கவாட்டில் திருப்பி உயரத்தைப் பாருங்கள். சாதாரண மூன்று முள் ஆட்டோமேட்டிக்கில் (கை அசைவில் தானே சாவி ஏறும் வாட்ச்) இருக்கும் ஈடிஏ 2824 மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) 4.6 மி.மீ. தடிமன். பல பிராண்டுகளின் க்ரோனோகிராஃபில் ஓடும் வால்ஜூ 7750 மட்டுமே 7.9 மி.மீ. அதன் மேல் டயல், முட்கள், கண்ணாடி, கீழே மூடி எல்லாம் சேர்ந்தால் 14, 15 மி.மீ. சர்வசாதாரணமாக வந்துவிடும். முழுக்கைச் சட்டையின் கஃப் பட்டன் போட்ட பிறகு அதற்குள் போகாது. கஃப் ஓரம் பெசலில் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) உரசி உரசி நூல் பிரியும்.

நடைமுறையில் 13 மி.மீ.யைச் சுற்றி இருந்தால் தினசரிக்குத் தாங்கும். ரோலெக்ஸ் டேடோனா சுமார் 12, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனல் சுமார் 13, டூடர் பிளாக் பே க்ரோனோ 14-ஐத் தாண்டும். விட்டத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 42 மி.மீ. ஸ்பீட்மாஸ்டரின் லக்குகள் (ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள்) வளைந்து கீழே இறங்குவதால் அது நுனிக்கு நுனி 48-க்குள் அடங்குகிறது. 41 மி.மீ. டூடர் ஏறத்தாழ 50 வரை நீள்கிறது. மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக எவ்வளவு அகலம் என்று ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். லக் நுனி அதைத் தாண்டினால் வாட்ச் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும்.

கட்டியதும் உள்ளங்கையை மேஜையில் ஊன்றி எழுந்து பாருங்கள். க்ரோனோகிராஃபில் கிரவுனோடு (சாவி கொடுக்கும் திருகு) இரண்டு புஷரும் (அளவை ஓட்டி நிறுத்தும் பட்டன்) சேர்ந்து புறங்கையில் குத்தும். கடையில் லேசாக உறுத்துவது, பைக் ஓட்டினால் ஒரே வாரத்தில் தழும்பாகிவிடும்.

* * *

உயரத்துக்கு அடுத்தபடி தண்ணீர். க்ரோனோகிராஃபின் கேஸில் கிரவுனுக்கு ஒன்று, புஷர்களுக்கு இரண்டு என்று மூன்று ஓட்டைகள். மூன்றையும் காப்பது சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள்தான். டயலில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கு, அசையாத நிலையில் புது வளையத்தோடு சோதித்தது. 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். பிரைட்லிங் நேவிடைமர் இந்த ரகம். ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனல் 50 மீட்டர். டேடோனாவும் ஜெனித் க்ரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டும் 100, டூடர் 200.

இதில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று. டேடோனாவிலும் டூடரிலும் புஷர்கள் மரை போட்டவை. அழுத்துவதற்கு முன் கழற்றி, முடிந்ததும் திரும்ப முறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை எதையாவது அளக்கிறவருக்கு இது தொல்லை. அளக்கிற பழக்கமே விட்டுப்போகும். ஜெனித்திலும், 2023-இல் வந்த 39 மி.மீ. டாக் ஹியூயர் கரேராவிலும் மரை இல்லாத சாதாரண புஷர். அப்படியும் 100 மீட்டர் தாங்குகின்றன. நிஜமாகவே அளக்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இந்த இரண்டாவது வகைக்கு.

மரை புஷர் வாங்கினால்: மூடும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மரை நுனி விழுகிற ஒரு சின்ன ‘டக்’ விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு சரியான பக்கம் முறுக்குங்கள், விரல் பலம் மட்டும் போதும். எடுத்ததும் முறுக்கினால் மரை ஏறுமாறாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் புஷர் உட்காரும் குழாயையே மாற்ற வேண்டியதுதான். எந்த வகை புஷராக இருந்தாலும் தண்ணீருக்குள் அழுத்தாதீர்கள், பிராண்டே அனுமதித்த மாடல் என்றால் ஒழிய.

வெந்நீர்க் குளியலுக்கு 200 மீட்டர் வாட்சும் வேண்டாம். சூட்டில் உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரியும்.

* * *

மூவ்மென்ட் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் இதைக் கேட்டால் பெரும்பாலும் பிரோஷரைத்தான் நீட்டுவார்கள்.

புஷரை அழுத்தியதும், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு க்ரோனோ முள்ளின் சக்கரத்தைச் சேர்ப்பது கிளட்ச். பழைய முறையில் இரண்டு பல்சக்கரங்கள் பக்கவாட்டில் வந்து கோத்துக்கொள்ளும். பல் நுனியும் பல் நுனியும் மோதினால் முள் கிளம்பும்போது லேசாகத் துள்ளும். ஸ்பீட்மாஸ்டரிலும் ஜெனித் எல் பிரிமேரோவிலும் இதே முறைதான்; அந்தத் துள்ளல் பழுது அல்ல. செங்குத்து கிளட்சில் இரண்டு தட்டுகள் மேலும் கீழுமாக ஒட்டிக்கொள்ளும், முள் வழுக்கியதுபோலக் கிளம்பும். சீகோ 1969-இல் 6139 மூவ்மென்டில் இதைக் கொண்டுவந்தது. ரோலெக்ஸ் 4130 (2000), பிரைட்லிங் பி01 (2009), அதன் வழிவந்த டூடர் எம்டி5813 எல்லாம் இந்த முறை. இதனால் தினசரிக்கு என்ன? க்ரோனோ முள்ளை நாள் முழுக்க ஓடவிட ஆசைப்படுகிறவர் செங்குத்து கிளட்சுக்குப் போகலாம். பக்கவாட்டுக் கிளட்சில் க்ரோனோ ஓடும்போது நேரத்துக்குத் தாளம் போடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறையும், நேரமும் சில வினாடி மாறும். தேவைக்கு ஓட்டி நிறுத்திவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

7750-ஐக் குறை சொல்வதற்கில்லை. 1970-களிலிருந்து ஓடும் மூவ்மென்ட், சாமான் கிடைக்கும், பிரித்துப் பழகிய மெக்கானிக்குகள் எங்கும் உண்டு. அதன் ரோட்டர் (கை அசைவில் சுழலும் எடைத்தட்டு) ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏறும். மறுபக்கம் சும்மா சுழலும்போது மணிக்கட்டில் ஒரு குலுக்கல் தெரியும். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். ஸ்டார்ட் புஷர் கெட்டியாக இருக்கும். முக்கியமான எச்சரிக்கை: இரவு 8 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் முட்கள் நிற்கும்போது தேதியை வேகமாக மாற்றக் கூடாது. தேதிச் சக்கரம் அப்போது பல்லில் மாட்டியிருக்கும், உடையும். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்து, பிறகு தேதி, பிறகு நேரம் வையுங்கள்.

ஸ்பீட்மாஸ்டரில் இந்தக் கவலையே இல்லை, தேதி கிடையாது. 2021 முதல் வரும் 3861 மூவ்மென்ட் கையால் சாவி கொடுப்பது, 50 மணி நேரம் ஓடும். தினமும் காலையில் ஒரே நேரத்தில், கிரவுன் இறுகி நிற்கும்வரை கொடுத்தால் போதும். இறுகிய பிறகு திருகாதீர்கள். வெள்ளி இரவு கழற்றி வைத்துத் திங்களன்று எடுக்கிறவருக்குக் கரேராவின் 80 மணி, டேடோனாவின் 72 மணி, டூடரின் 70 மணி வசதியாக இருக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இது. சாவி கொடுத்துவிட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். க்ரோனோ வினாடி முள் 60-ஐக் கடக்கும்போது சின்ன வட்டத்தில் இருக்கும் க்ரோனோ நிமிட முள்ளைக் கவனியுங்கள்: சில மாடலில் டக்கென்று தாவும், சிலவற்றில் 58, 59-லேயே நகர ஆரம்பிக்கும். இரண்டுமே சரிதான், பாதியில் தொங்கி நின்றால் சரியில்லை. இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தியதும் முள் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு ரீசெட். உள்ளே சின்னச் சுத்தியல்கள் இதய வடிவத் தட்டுகளை அடித்துத் திருப்புகின்றன. முள் 12-க்கு நேராக, கோட்டின் நடுவில் விழ வேண்டும். ஐந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் அரைக் கோடு தள்ளி நின்றால் முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்தினால் சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள் தளர்ந்திருக்கிறது அல்லது சுத்தியல் சரியாக அடிக்கவில்லை. அந்தப் பீஸை வாங்காதீர்கள். ஃப்ளைபேக் வசதி (ஓடும்போதே ரீசெட் செய்வது) இல்லாத வாட்சில், முள் ஓடும்போது ரீசெட்டை அமுக்கிப் பார்க்கவே வேண்டாம்.

* * *

மேலே உள்ளதோடு ஒரு சின்னச் சேர்க்கை: எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பார்க்கிங், மீட்டிங், ரயில் பயணம் என்றால் 12 மணி நேரக் கணக்கு காட்டும் மூன்றாவது வட்டம் வேண்டும். அது ஸ்பீட்மாஸ்டரில் 6-க்குப் பக்கத்திலும் டேடோனாவில் 9-க்குப் பக்கத்திலும் இருக்கிறது. டூடரில் 45 நிமிட வட்டத்தோடு சரி, மணிக் கணக்கு இல்லை. க்ரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டின் நடு முள் பத்து வினாடிக்கு ஒரு சுற்று. பத்தில் ஒரு வினாடியைப் படிக்க அருமையானது, ஆனால் வினாடியைப் பார்க்க 3-இல் இருக்கும் வட்டத்துக்குப் போக வேண்டும். அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டுப் பார்க்கிறவருக்குக் கொஞ்ச நாள் குழப்பும்.

டேக்கிமீட்டர் பெசல் (வேகத்தைக் காட்டும் எண்கள் போட்ட வளையம்) வெறும் அழகுக்கு அல்ல. ஒரு கிலோமீட்டர் கல்லில் ஸ்டார்ட், அடுத்த கல்லில் ஸ்டாப். 45 வினாடி என்றால் முள் 80-ஐக் காட்டும், 36 என்றால் 100. 3600-ஐ வினாடியால் வகுத்த எண்தான் அது. ஓட்டுகிறவர் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும்.

* * *

நம் ஊர் வெயிலுக்கு லெதர் ஸ்ட்ராப் தினசரிக்கு ஒத்துவராது. வியர்வை உள்பக்கம் ஊறி, நாற்றம் வந்து, தையல் விடும். ஸ்டீல் பிரேஸ்லெட் அல்லது ரப்பர் நல்லது. மதியம் கை லேசாக வீங்கும் என்பதால், கருவி இல்லாமல் தளர்த்தக்கூடிய கிளாஸ்ப் (பிரேஸ்லெட் பூட்டு) இருக்கிறதா என்று கேளுங்கள். டேடோனாவில் சுமார் 5 மி.மீ. நீளும் ஒரு கண்ணி உண்டு.

வியர்வை உப்பும் தூசியும் புஷர் குழாயில் படிந்தால், அழுத்திய புஷர் சோம்பலாக எழும்பும். அதுதான் முதல் அறிகுறி. வாரம் ஒரு தடவை, 100 மீட்டர் வாட்ச் என்றால் கிரவுன், புஷர் எல்லாம் மூடியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, குழாய்த் தண்ணீரில் ஒரு துளி பாத்திர சோப்போடு மெல்லிய டூத் பிரஷ்ஷால் புஷரைச் சுற்றியும் பிரேஸ்லெட் இடுக்கிலும் தேயுங்கள். 30, 50 மீட்டர் வாட்சுக்கு ஈரத் துணி போதும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் ஹேர் டிரையர் வேண்டாம், அரிசி டப்பாவும் வேண்டாம்; அன்றைக்கே மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுங்கள், துரு காத்திருக்காது.

ஸ்பீட்மாஸ்டர் வாங்குகிறவர்கள் கண்ணாடி விஷயத்தில் திணறுவார்கள். ஹெசலைட் என்பது அக்ரிலிக். எளிதில் கோடு விழும், ஆனால் சிதறாது, கோட்டையும் போக்கிவிடலாம். பெசல் ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். பாலிவாட்ச் என்ற பாலிஷ் பசையில் அரிசி அளவு எடுத்துப் பருத்தித் துணியில் வைத்து, கோட்டுக்குக் குறுக்கே இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். ஆழமான கோட்டுக்கு இரண்டு சுற்று வேண்டியிருக்கும். டேப் ஒட்டாமல் தேய்த்தால் டேக்கிமீட்டர் எழுத்து மங்கும். சஃபையர் கண்ணாடியில் எளிதில் கோடு விழாது; ஓரத்தில் அடிபட்டால் சில்லு பெயரும், மாற்றத்தான் வேண்டும்.

திடீரென்று ஒரு நாளைக்கு நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் முதல் சந்தேகம் காந்தம். டேப்லெட் கவர், கைப்பை மூடி, ஸ்பீக்கர் எல்லாமே காரணமாகலாம். சின்ன திசைகாட்டியின் மேல் வாட்சை நகர்த்துங்கள், ஊசி ஆடினால் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் பெட்டி விலை அதிகமில்லை: பட்டனை அமுக்கியபடியே வாட்சை மேலே வைத்து, அரை மீட்டர் உயரம் மெதுவாகத் தூக்கிய பிறகு பட்டனை விடுங்கள். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் மறுபடி ஏறிவிடும். ஸ்பீட்மாஸ்டரின் 3861 மூவ்மென்ட் 15,000 காஸ் காந்தப்புலம் வரை தாங்கச் சோதிக்கப்பட்டது. டூடரில் காந்தம் பிடிக்காத சிலிக்கான் மயிர்ச்சுருள் (பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்). இவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

* * *

பணம், பழைய வாட்ச், சர்வீஸ் பற்றிக் கடைசியாக.

இந்தியாவில் 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடையிலேயே 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கிறார்கள். அது கூடுதல் விலை அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பில்லில் பான் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பழையது வாங்கினால் லக் ஓரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஸ்பீட்மாஸ்டரின் முறுக்கிய லக்கில் மினுக்கிய பகுதிக்கும் கோடு போட்ட பகுதிக்கும் நடுவில் கத்திபோல ஒரு விளிம்பு இருக்க வேண்டும். அது மழுங்கியிருந்தால் பலமுறை பாலிஷ் பட்டது. பக்கவாட்டில் கிரவுனும் புஷர்களும் ஒரே மட்டத்தில் இல்லாமல் கிரவுன் கீழே இறங்கியிருந்தால், சாதாரண ஆட்டோமேட்டிக்கின் மேல் க்ரோனோ மாட்யூல் (தனி அடுக்காக வரும் க்ரோனோ இயந்திரம்) ஏற்றியது என்று அறியலாம். பழைய ஸ்பீட்மாஸ்டர் ரெட்யூஸ்ட் அப்படிப்பட்டது. கெட்டால் மாட்யூலையே மாற்றச் சொல்வார்கள், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

சர்வீஸ் செலவு மூன்று முள் வாட்சைவிடக் கணிசமாக அதிகம் வரும். ஐந்து முதல் எட்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டு, வாங்கும்போதே அந்தத் தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேஸைப் பாலிஷ் செய்ய வேண்டாம் என்றால் கொடுக்கும்போதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள், பிறகு சொல்லிப் பயனில்லை. திரும்பப் பெறும்போது புஷர் வளையங்கள் மாற்றியதா, நீர் அழுத்தச் சோதனை செய்ததா என்று கேட்டு, மாற்றிய பழைய சாமானையும் வாங்கிக்கொள்ளுங்கள். க்ரோனோவைக் கடையிலேயே ஓடவிட்டு, அரை மணி நேர வட்டம் ஒரு முழுச் சுற்று முடித்து மணி முள் சரியான இடத்துக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நிமிட முள் நடுவில் சிக்குவது பெரும்பாலும் இருபது நிமிடத்துக்கு மேல்தான் தெரியவரும்.