தனியணுவா, ஊன்றணுவா?

நண்பர்களுக்கு வணக்கம்,

தாங்கி எனப்படும் ஆக்சைடு போன்ற திண்மத்தின் பரப்பில் உலோகத்தைத் தனித்தனி அணுக்களாக நிறுத்திச் செய்யும் வினையூக்கிக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'single-atom catalyst' என்பதற்கு, தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். முதலில் வந்த 'ஓரணு வினையூக்கி' எனக்குச் சரிப்படவில்லை. ஹீலியம், ஆர்கான் எல்லாம் ஓரணு மூலக்கூறுகள் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம், அதே சொல்லை இங்கேயும் கொண்டுவந்தால் மாணவர்தான் தவிப்பார். அடுத்து வந்த 'தனியணு' காதுக்கு இதமாக இருக்கிறது, பலரும் தலையாட்டிவிட்டீர்கள். எனக்கு அதோடுதான் தகராறு.

இப்படி ஆக்சைடின் மேல் நிற்கும் பிளாட்டினம் அணுவுக்குப் பக்கத்தில் இன்னொரு பிளாட்டினம் அணு இல்லை என்ற அளவில் அது தனியணுதான், மறுக்கவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனித்தனி வெண்புள்ளிகளாகத் தெரிவதும், எக்ஸ் கதிர் நிறமாலையில் பிளாட்டினம்-பிளாட்டினம் பிணைப்புக்குத் தடயம் கிடைக்காததும் அதற்குச் சான்று. 2011இல் சீனாவின் தாலியனில் உள்ள குழு இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தை இப்படி அணு அணுவாகப் பரப்பி, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றத்துக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் அந்த ஆங்கிலப் பெயரே பரவியது. ஆனால் அந்த அணு எதனோடும் ஒட்டுறவு இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஆக்சைடின் ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்து நிற்கிறது. அந்தப் பிணைப்பு வலுவில்லை என்றால் பரப்பில் நகர்ந்துபோய் இன்னொன்றோடு சேர்ந்து துகளாகத் திரண்டுவிடும், அப்புறம் ஏது தனியணு?

இன்னொன்று. அந்த ஆக்சிஜன்கள் அணுவைப் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை, அதன் குணத்தையே மாற்றுகின்றன. வியன்னாவில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் படிகப் பரப்பில் வெவ்வேறு உலோகங்களைத் தனித்தனி அணுக்களாக வைத்துக் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்று அளந்தார்கள். எலக்ட்ரான் கொஞ்சம் ஆக்சைடு பக்கம் நகர்வதால் உலோகத்தின் டி ஆர்பிட்டால்களின், அதாவது பிணைப்பில் பங்கெடுக்கும் எலக்ட்ரான் நிலைகளின், ஆற்றல் மாறுகிறது. விளைவு எல்லா உலோகத்துக்கும் ஒன்றுபோல இல்லை: வெள்ளியில் பிணைப்பு வலுக்கிறது, நிக்கலில் தளர்கிறது. போதாததற்கு, வாயு மூலக்கூறு வந்து ஒட்டும்போது அணு தன் இடத்தில் சற்று அசைந்து கொடுப்பதும் கணக்கில் சேர்கிறது. அதாவது உலோகத்தின் பெயரை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, எத்தனை ஆக்சிஜன், எந்த வடிவமைப்பில் என்பதும் தெரிய வேண்டும். நடுவில் உலோக அணுவும் அதைச் சுற்றிப் பிணைந்த ஈனிகளும் (ligand) கொண்ட அணைவுச் சேர்மங்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. அந்த ஆக்சிஜன்களை 'ஈனி' என்றே சொல்லிவிடலாம், புதுச்சொல் வேண்டாம்.

சில வினைகளில் ஆக்சைடு தன் ஆக்சிஜனையே எடுத்துக் கொடுத்துவிட்டு, காலியான இடத்தை வாயுவிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. இங்கே வேலை செய்வது யார், அணுவா தாங்கியா? இரண்டும் சேர்ந்துதான். 'தனி' என்ற சொல் இந்தப் பாதியை மறைத்துவிடுகிறது.

அதனால் என் பரிந்துரை 'ஊன்றணு'. ஊன்று, அணு இரண்டும் சேர்ந்த வினைத்தொகை, ஊன்றிய அணு, ஊன்றும் அணு என்று எப்படி விரித்தாலும் பொருந்தும். வினையூக்கி என்பவர்கள் ஊன்றணு வினையூக்கி என்று எழுதட்டும், ஈழத்து வழக்கில் ஊக்கி என்பவர்கள் ஊன்றணு ஊக்கி என்று எழுதட்டும், இரண்டிலும் உறுத்தாது. பரப்பில் லேசாக ஒட்டிக்கொண்டு எளிதில் நகரும் அணுவுக்கு 'ஒட்டணு' என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்லிலேயே தெரியும்.

ஊன்றுவது என்றால் நிரந்தரமாகிவிடுமே, அணு பெயர்ந்தும் போகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மேக்னடைட் மேல் இருக்கும் பல்லேடியம் அணுவைக் கார்பன் மோனாக்சைடு வந்து பற்றினால், அது பரப்பிலிருந்து தளர்ந்து நகரத் தொடங்கி மற்றவற்றோடு திரள்கிறது. ஆனால் ஊன்றிய கம்பத்தையும் பிடுங்கத்தானே செய்கிறோம், அதற்காக அதை ஊன்றிய கம்பம் இல்லை என்போமா? பிடிப்பு விட்டதும் அது ஒட்டணு ஆகிறது என்று எழுதிவிட்டால் போகிறது.

'பதியணு' என்ற மாற்றையும் யோசித்துப் பார்த்தேன். பதிதல் என்றதும் படிகத்துக்கு உள்ளே கலந்த மாசணு நினைவுக்கு வருகிறது, பரப்பில் நிற்பது என்ற பொருள் மங்கிவிடுகிறது. ஆகவே விட்டுவிட்டேன்.

ஊன்றணுவுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ஒட்டணுவைவிட நல்ல சொல் கிடைத்தால் அதை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.